நொதி வினைவேக வரைபடம் கோணலாக வருகிறதா? வளைவின் வடிவத்தை வைத்தே பிழையைப் பிடிக்கலாம்

நொதிச் சோதனை முடிந்து வரைபடம் போடும் நாளில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்: "எல்லாருக்கும் அழகா வளைஞ்சு போகுது, எனக்கு மட்டும் ஏன் இப்படி?" ரெக்கார்டு நோட்டுகளைத் தொடர்ந்து திருத்துகிறவருக்குப் பாதி பதில் கோட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். படிக்கட்டாக ஏறும் கோட்டுக்கு ஒரு காரணம், குழியாக இறங்கும் கோட்டுக்கு வேறு காரணம். வடிவம்தான் துப்பு.

தேடும் வரிசை முக்கியம். முதலில் அட்டவணை, அப்புறம் வரைபடம், அப்புறம் கருவி, அதன்பின் கரைசல், கடைசியாக நொதி. எல்லாரும் நொதியைத்தான் முதலில் சந்தேகப்படுகிறார்கள். ஆனால் புதுச் சாறு எடுத்து மறுபடி செய்ய ஒரு முழு ஆய்வக வகுப்பு போய்விடும். தாளில் இருக்கும் கோளாறைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும்.

பேச்சுக்கு ஒரு சோதனையை வைத்துக்கொள்வோம். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 3 மி.லி.; உருளைக்கிழங்குச் சாற்றில் இருக்கும் கேட்டலேஸ் நொதி; வெளிவரும் ஆக்சிஜனை வாயு சிரிஞ்சில் பிடிக்கிறோம். கிடைத்த அளவீடு இது:

நேரம் (நொடி): 0, 10, 20, 30, 40, 60, 90, 120
வாயு (மி.லி.): 0, 6, 12, 17, 21, 26, 29, 30

கீழே பல இடங்களில் இந்த எண்களுக்குத் திரும்பி வருவோம்.

## எதற்கும் முன்: உங்கள் கையில் இருப்பது எந்த வரைபடம்?

இந்தச் சோதனையில் இரண்டு வகை வரைபடம் உண்டு. முதலாவதில் கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் உருவான வாயு அல்லது நிற அளவு. இதை முன்னேற்ற வரைபடம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதில் கிடை அச்சில் நீங்கள் மாற்றியது (வெப்பநிலை, பி.எச்., செறிவு), செங்குத்து அச்சில் வேகம். இரண்டாவது வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியும் முதல் வகை வரைபடம் ஒன்றின் தொடக்கச் சாய்விலிருந்து வருகிறது. ஐந்து வெப்பநிலை என்றால் ஐந்து முன்னேற்றக் கோடுகள், அவற்றிலிருந்து ஐந்து சாய்வுகள், அப்புறம்தான் ஐந்து புள்ளிகள்.

"120 நொடியில் வந்த மொத்த வாயு" என்ற எண்ணை எடுத்து நேரடியாக வெப்பநிலைக்கு எதிராகப் போட்டிருந்தால் அது வேக வரைபடம் ஆகாது. 30 டிகிரியிலும் 40 டிகிரியிலும் பெராக்சைடு முழுக்கத் தீர்ந்துவிட்டால் இரண்டுக்கும் 30 மி.லி. தான் வரும். ஒன்று இரண்டு மடங்கு வேகமாகப் போயிருந்தாலும் வரைபடம் அதைக் காட்டாது.

## அறிகுறி: கோடு படிக்கட்டு மாதிரி ஏறுகிறது

ஒரு துண்டு செங்குத்து, அடுத்த துண்டு படுக்கை, மறுபடி செங்குத்து என்று ஒழுங்காக மாறி மாறி வருகிறதா? அப்படியானால் கருவியைத் தொடவே வேண்டாம். அட்டவணையின் நேர நெடுவரிசையைப் பாருங்கள்.

நிமிடமும் நொடியும் தசமமாக மாறியிருக்கிறதா? அரை நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து 0.30, 1.00, 1.30, 2.00 என்று எழுதியிருப்பார்கள். ஸ்டாப்வாட்ச் காட்டியது 1 நிமிடம் 30 நொடி. வரைபடமோ அதை 1.3 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். விளைவு: 0.30க்கும் 1.00க்கும் நடுவில் 0.7 இடைவெளி, 1.00க்கும் 1.30க்கும் நடுவில் 0.3 இடைவெளி. இரண்டுமே உண்மையில் 30 நொடிதான். நெருக்கமான இடத்தில் கோடு செங்குத்தாகும், அகன்ற இடத்தில் படுக்கும். எல்லா நேரத்தையும் நொடிக்கு மாற்றி 30, 60, 90, 120 என்று எழுதினால் படிக்கட்டு அந்த நிமிடமே மறைந்துவிடும். நான் பார்க்கிற படிக்கட்டுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

படி ஒழுங்கில்லாமல், அங்கங்கே மட்டும் வருகிறதா? நேரம் சரியாக இருந்தால் கருவிக்கு வாருங்கள். சிரிஞ்சின் உந்துதண்டு ஒட்டிக்கொண்டு திடீரென்று நகர்ந்தால் இப்படித்தான் வரும். வெறும் சிரிஞ்சைக் கிடைமட்டமாகப் பிடித்துத் தண்டை விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். தடங்கல் இல்லாமல் சுழல வேண்டும். ஈரமாக இருந்தால் துடைத்து உலர்த்துங்கள். எண்ணெய் போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், ஆய்வக உதவியாளரிடம் கொடுத்துவிடுங்கள். நீரில் கவிழ்த்த அளவுச்சாடி முறை என்றால் குழாய் வளைவில் வாயு தேங்கிப் பெரிய குமிழாக வெளியேறுகிறதா என்று பாருங்கள்.

ஈஸ்ட் பயன்படுத்தினீர்களா? ஈஸ்ட் அடியில் படியும். ஒருவர் குலுக்க, மற்றவர் குலுக்காமல் விட, கோடு துள்ளும். குலுக்குவதானால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி, ஒரே இடைவெளியில்.

## அறிகுறி: கோடு பூஜ்யத்திலிருந்து கிளம்பவில்லை

மேலேயிருந்து தொடங்குகிறது. எளிய காரணம், ரப்பர் அடைப்பானை அழுத்தும்போது அது தள்ளிய காற்று. அடைப்பானைப் போட்ட கையோடு சிரிஞ்ச் 2 மி.லி. காட்டினால் அது ஆக்சிஜன் அல்ல. சரிபார்க்க: நொதிக்குப் பதில் அதே அளவு தண்ணீர் ஊற்றி அடைத்துப் பாருங்கள். தண்ணீருக்கும் அதே 2 மி.லி. வந்தால் எல்லா அளவீட்டிலிருந்தும் அதைக் கழித்துவிடலாம். கழித்தேன் என்று குறிப்பில் எழுதிவிடுங்கள்.

அடுத்த காரணம் கொஞ்சம் நயமானது. குடுவையை அடைத்தபிறகு வெந்நீர்த் தொட்டியில் வைத்தால் உள்ளே இருக்கும் காற்று விரியும். 25 டிகிரியில் 100 மி.லி. காற்று இருக்கும் குடுவை 45 டிகிரிக்குப் போனால் சுமார் 7 மி.லி. கூடுதலாகத் தள்ளும். மொத்தமே 30 மி.லி. எதிர்பார்க்கும் சோதனையில் இது பெரிய பொய். குடுவையும் கரைசலும் தொட்டியின் வெப்பநிலைக்கு வந்தபிறகே அடைக்க வேண்டும்.

நிறமானியில் (கரைசலின் நிற அடர்த்தியை அளக்கும் கருவி) அளந்தால் பிளாங்க் (வினை நடக்காத ஒப்பீட்டுக் கரைசல்) வைத்துப் பூஜ்யம் செய்தீர்களா என்று மட்டும் பாருங்கள். பிளாங்கில் நொதிச் சாறும் இருக்க வேண்டும், ஏனென்றால் சாற்றுக்கே ஒரு கலங்கல் உண்டு.

கோடு கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்து அப்புறம் ஏறுகிறது. கலக்கல் போதாது, அல்லது குளிர்ந்த நொதியைச் சூடான பெராக்சைடில் ஊற்றியிருக்கிறீர்கள். இரண்டையும் தனித்தனிக் குழாயில் ஒரே தொட்டியில் வைத்து, பிறகு கலந்து, இரண்டு சுற்றுச் சுழற்றிவிட்டு நேரத்தைத் தொடங்குங்கள். மறுபடி செய்ய நேரம் இல்லையென்றால் அந்தப் படுக்கைப் பகுதியை விட்டு, கோடு நேராக ஏறும் இடத்தில் சாய்வை எடுக்கலாம். புள்ளிகளை மட்டும் இடப்பக்கம் நகர்த்தி வைக்காதீர்கள்.

கோடு பூஜ்யத்தைத் தொடவில்லை, ஆனால் புள்ளி தொடுகிறது. அப்படியானால் தவறு நீங்கள் போட்ட கோட்டில். அடுத்த அறிகுறியைப் பாருங்கள்.

## அறிகுறி: அளவீடு சரி, வேகம் மட்டும் மற்றவர்களின் பாதிதான் வருகிறது

இதைத்தான் அதிகம் விளக்க வேண்டியிருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மேலே கொடுத்த எண்களையே எக்செல்லில் போட்டு, நேர்கோட்டு டிரெண்ட்லைன் சேர்த்து, சமன்பாட்டைக் காட்டச் சொன்னால் சாய்வு சுமார் 0.24 என்று வரும். அதே எண்களில் முதல் 20 நொடியை மட்டும் பாருங்கள்: 20 நொடியில் 12 மி.லி., அதாவது நொடிக்கு 0.6 மி.லி. ஒரே சோதனை, இரண்டரை மடங்கு வித்தியாசம்.

டிரெண்ட்லைன் எப்படி ஏமாற்றியது? வினை வேகமாக நடந்த தொடக்கத்தையும் கிட்டத்தட்ட நின்றுபோன கடைசி ஒரு நிமிடத்தையும் சேர்த்துச் சராசரி போட்டுவிட்டது. அதே சமன்பாட்டின் இன்னொரு எண்ணைப் பாருங்கள்: 6.4. அதாவது பூஜ்ய நொடியிலேயே 6.4 மி.லி. வாயு இருந்தது என்கிறது அந்தக் கோடு. வெறும் குடுவையில் ஏது வாயு? அந்த எண் பூஜ்யத்துக்கு வெகு தூரத்தில் இருந்தால் கோடு வளைவின் மேல் தப்பாகப் போடப்பட்டிருக்கிறது என்று பொருள். டிரெண்ட்லைனை வலுக்கட்டாயமாகப் பூஜ்யம் வழியே போகச் செய்தாலும் இந்தக் கோளாறு தீராது, மறைந்துதான் போகும்.

சரிசெய்யும் விதம்:

1. ஒளி ஊடுருவும் ஸ்கேலை முதல் புள்ளிகளின் மேல் வைத்து, எந்தப் புள்ளியிலிருந்து வளைவு ஸ்கேலை விட்டு விலகுகிறது என்று பாருங்கள். நம் எண்களில் 20 நொடி வரை ஒட்டுகிறது, 30இல் விலகத் தொடங்குகிறது.
2. விலகும் புள்ளிக்கு முன்னால் உள்ளவற்றை மட்டும் தனி வரிசையாக்கி அதற்கு மட்டும் டிரெண்ட்லைன் போடுங்கள். அதன் சாய்வே தொடக்க வேகம்.
3. கையால் போடுகிறவர்கள் தொடக்கத்தில் தொடுகோடு வரைந்து, அதைத் தாளின் விளிம்பு வரை நீட்டி, பெரிய முக்கோணமாக எடுத்துச் சாய்வைக் கணக்கிடுங்கள். சின்ன முக்கோணத்தில் அரைக் கட்டம் தப்பினாலும் விடை நிறைய மாறும்.

நேர்ப்பகுதியில் இரண்டு புள்ளிகள்கூட இல்லையென்றால்? வினை அளவுக்கு மீறி வேகமாக ஓடியிருக்கிறது. வரைபடத்தில் செய்ய ஒன்றுமில்லை. நொதிச் சாற்றைப் பாதியாகவோ நாலில் ஒரு பங்காகவோ நீர்த்து, 5 நொடிக்கு ஒரு முறை அளந்து மறுபடி செய்யுங்கள்.

சமன்பாட்டில் சாய்வு வெறும் 0 அல்லது 0.00 என்று காட்டுகிறதா? அதன் தசம இடங்களைக் கூட்டுங்கள். நிறமானி எண்கள் சிறியவை என்பதால் இது அடிக்கடி நடக்கும். எக்செல்லின் ஆறாம் படி வளைவைப் பயன்படுத்தி எல்லாப் புள்ளியையும் தொட்டுவிட்டேன் என்று மகிழ்வதும் வேண்டாம். அது புள்ளிகளுக்கு நடுவில் நடக்காத ஏற்ற இறக்கங்களையெல்லாம் வரையும்.

## அறிகுறி: வளைவு கணினியில் ஒரு வடிவம், தாளில் வேறு வடிவம்

லைன் சார்ட் போட்டிருக்கிறீர்கள். இதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. லைன் சார்ட் கிடை அச்சில் உள்ள எண்களை எண்ணாகப் பார்க்காமல் வெறும் பெயராக எடுத்துச் சம இடைவெளியில் வைக்கும். 40, 60, 90, 120 எல்லாம் ஒரே தூரத்தில் நிற்கும். நம் எண்களை அப்படிப் போட்டால் 60 நொடி வரை கிட்டத்தட்ட நேர்கோடாகவே தெரியும், வளைவு ஒளிந்துகொள்ளும். ஸ்கேட்டர் சார்ட்டுக்கு மாற்றுங்கள்.

ஸ்கேட்டர் போட்டும் கிடை அச்சில் 1, 2, 3, 4 என்று வருகிறதா? நேர நெடுவரிசையில் ஏதோ ஓர் இடத்தில் எண் எழுத்தாகப் பதிந்திருக்கிறது. "30 நொடி" என்று அலகையும் சேர்த்து அடித்திருப்பீர்கள். அலகு தலைப்பில் மட்டும் இருக்கட்டும்.

## அறிகுறி: சீக்கிரமே மட்டமாகிவிடுகிறது

மட்டமாவது தவறில்லை. எந்த உயரத்தில் மட்டமானது என்பதுதான் கேள்வி. 3 சதவீதப் பெராக்சைடைக் கடைமொழியில் 10 வால்யூம் என்பார்கள்: 1 மி.லி. முழுக்கச் சிதைந்தால் சுமார் 10 மி.லி. ஆக்சிஜன். ஆகவே 3 மி.லி.க்கு ஏறத்தாழ 30 மி.லி. வர வேண்டும். உங்கள் மட்டம் அந்த இடத்தில் இருந்தால் தளப்பொருள் (நொதி வினைபுரியும் பொருள், இங்கே பெராக்சைடு) தீர்ந்துவிட்டது, வரைபடம் சரி, கவலையை விடுங்கள்.

30க்கு வெகு கீழே, 18 அல்லது 20இல் நின்றால் முதலில் கசிவு. சிரிஞ்சை இணைத்து, அடைத்து, தண்டை 10 மி.லி. இழுத்துப் பிடித்து விடுங்கள். பழைய இடத்துக்குத் திரும்ப வந்தால் கசிவில்லை. வராமல் நின்றுவிட்டால் இணைப்புகளில் சோப்பு நீர் தடவி, தண்டை மெல்லத் தள்ளி, எங்கே குமிழ் வருகிறது என்று பாருங்கள்.

கசிவு இல்லையென்றால், நின்றுபோன கலவையை இரண்டு திறந்த சோதனைக் குழாயில் பிரியுங்கள். ஒன்றில் கொஞ்சம் புதுப் பெராக்சைடு, மற்றதில் கொஞ்சம் புது நொதிச் சாறு.

- பெராக்சைடு ஊற்றியது மட்டும் நுரைத்தால் நொதி உயிரோடு இருக்கிறது, தளப்பொருள்தான் தீர்ந்தது. பாட்டிலில் உள்ள பெராக்சைடு பழசாகி வலு குறைந்திருக்கும்.
- நொதி ஊற்றியது மட்டும் நுரைத்தால் தளப்பொருள் மிச்சம் இருக்கிறது, நொதிதான் செயலிழந்தது. கேட்டலேஸைப் பெராக்சைடே மெல்ல மெல்லக் கெடுக்கும். செறிவு கூடினால் கெடுவதும் கூடும்.
- இரண்டுமே நுரைக்காவிட்டால் இரண்டு பாட்டில்களையும் சந்தேகியுங்கள், அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

30ஐத் தாண்டி 40, 45 என்று போனால் பெராக்சைடு நீங்கள் நினைத்ததைவிட வலுவானது, அல்லது அளவு தப்பு, அல்லது மேலே சொன்ன சூடான காற்று.

நிறமானியில் மட்டமானால் இன்னொரு சாத்தியம் உண்டு: கருவியின் எல்லை. நிறம் மிக அடர்ந்துவிட்டால் கருவியால் வித்தியாசம் பார்க்க முடியாது. மாதிரியைச் சரிபாதி நீர்த்து மறுபடி படியுங்கள். 1.9 என்பது 0.95 ஆக வேண்டும். 1.4 என்று வந்தால் அந்தப் பகுதி அளவீடு எதையும் நம்ப முடியாது.

## அறிகுறி: கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது

பெராக்சைடில் ஒரு சிட்டிகை மாங்கனீசு டைஆக்சைடு போடுங்கள். பொங்கினால் பெராக்சைடு நன்றாக இருக்கிறது, நொதி போய்விட்டது. பொங்கவில்லையென்றால் நொதியைத் திட்ட வேண்டாம், பாட்டிலை மாற்றுங்கள். நொதி போயிருந்தால் சாறு எப்போது எடுத்தது, வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தீர்களா, கொதிக்கவைத்த கட்டுப்பாட்டுக் குழாயோடு லேபிள் மாறிவிட்டதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது நகைச்சுவை மாதிரி இருக்கும், ஆனால் நடக்கிறது.

## அறிகுறி: வெப்பநிலை வரைபடம் மலைக்குப் பதில் குழியாக வருகிறது

அமைலேஸ், ஸ்டார்ச், அயோடின் சோதனையில் இது சாதாரணம். ஸ்டார்ச் இருந்தால் அயோடின் நீலமாகும்; அமைலேஸ் நொதி ஸ்டார்ச்சைச் சிதைக்கச் சிதைக்க நீலம் மறையும். நீங்கள் அளந்தது நீலநிறம் மறைய ஆன நேரம். நேரம் குறைந்தால் வேகம் கூடுதல். நேரத்தையே செங்குத்து அச்சில் போட்டால் மலை குழியாகத்தான் தெரியும். 1ஐ நேரத்தால் வகுத்துப் போடுங்கள். 20 டிகிரியில் 240 நொடி, 30இல் 150, 40இல் 90, 50இல் 120, 60இல் 300 என்றால், 1000ஐ நேரத்தால் வகுக்க 4.2, 6.7, 11.1, 8.3, 3.3 என்று வரும். 1000 எடுத்தது எண்கள் படிக்க வசதியாக இருக்கத்தான். அச்சின் தலைப்பில் அதையும் எழுதிவிடுங்கள்.

ஒரு வெப்பநிலையில் நிறம் மறையவே இல்லையா? அந்தக் கட்டத்தில் நேரம் 0 என்று எழுதியிருந்தால், வரைபடம் அதைத்தான் உலகிலேயே வேகமான வினை என்று காட்டும்; தலைகீழாக்கினால் எக்செல் பிழைச் செய்தி தரும். நேரத்தில் "10 நிமிடத்தில் மறையவில்லை" என்று எழுதுங்கள். வேக வரைபடத்தில் அந்தப் புள்ளியைப் பூஜ்யத்துக்கு ஒட்டி வைத்து, கீழே குறிப்புக் கொடுங்கள்.

## அறிகுறி: உச்சி தட்டையாக இருக்கிறது, அல்லது 70 டிகிரியில் மறுபடி ஏறுகிறது

தட்டையான உச்சி. 35, 40, 45 மூன்றுக்கும் 60 நொடி என்று வந்திருக்கும். 30 நொடிக்கு ஒரு முறை சொட்டு எடுத்துப் பார்த்தால், 31 நொடியில் முடிந்ததும் 59 நொடியில் முடிந்ததும் உங்களுக்கு 60தான். அமைலேஸை நீர்த்து வினையை மெதுவாக்குங்கள், அல்லது 10 நொடிக்கு ஒரு சொட்டு எடுங்கள். இரண்டையும் செய்தால் இன்னும் நல்லது.

மறுபடி ஏறும் வால். 40இல் உச்சி, 60இல் சரிவு, 70, 80இல் திடீர் ஏற்றம். நொதி வெந்துபோயிருக்க வேண்டிய இடத்தில் வேகம் எப்படி வந்தது? ஸ்டார்ச்சும் அயோடினும் சேர்ந்த நீலம் சூட்டில் தானாகவே வெளிறும். ஸ்டார்ச் தீர்ந்ததால் அல்ல, சூடாக இருப்பதால் நிறம் போயிருக்கிறது. அந்தக் குழாயைக் குளிரவிடுங்கள். நீலம் திரும்பினால் ஸ்டார்ச் அப்படியே இருக்கிறது. நல்ல பழக்கம், சொட்டை ஆறிய ஓட்டுத் தட்டில் உள்ள அயோடினில் விடுவது. அயோடினைச் சூடான குழாயிலேயே ஊற்றுகிறவர்களுக்குத்தான் இந்த வால் முளைக்கும்.

பி.எச். வரைபடத்திலும் இதற்கு ஓர் அண்ணன் உண்டு. காரம் அதிகமானால் அயோடினே செலவழிந்து நிறம் போகும், பி.எச். 10இல் நொதி பறக்கிற மாதிரித் தெரியும். நொதி இல்லாமல் அதே பஃபரில் (பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசல்) ஸ்டார்ச்சையும் அயோடினையும் கலந்து பாருங்கள். அங்கேயும் நீலம் வரவில்லையென்றால் அந்தப் புள்ளியை நீக்கக் காரணம் கிடைத்துவிட்டது.

உச்சியே வரவில்லை, ஏறிக்கொண்டே போகிறது. பாட்டில் லேபிளைப் படியுங்கள். பாக்டீரியாவிலிருந்து எடுத்த அமைலேஸ் சில 70 டிகிரியையும் தாண்டி நன்றாக வேலை செய்யும். உமிழ்நீர் அமைலேஸ் 37 டிகிரியை ஒட்டி உச்சம் காட்டும். வரைபடம் உண்மையைச் சொல்லும்போது அதைப் பாடநூல் வடிவத்துக்கு வளைக்காதீர்கள்.

20, 40, 60 என்று மூன்றே புள்ளி வைத்துக்கொண்டு "உகந்த வெப்பநிலை 40" என்று எழுதுவதையும் நிறுத்தலாம். உச்சி 20க்கும் 60க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்று மட்டுமே அந்த மூன்று புள்ளிகள் சொல்கின்றன. 30, 35, 45, 50 சேர்த்த பிறகு பேசுவோம்.

## அறிகுறி: செறிவு வரைபடம் பாதியில் கீழே விழுகிறது, அல்லது மட்டமாகவே இல்லை

கீழே விழுந்தால் முதலில் மொத்தக் கன அளவைப் பாருங்கள். 1, 2, 3, 4, 5 மி.லி. பெராக்சைடு எடுத்து, ஒவ்வொன்றிலும் 1 மி.லி. சாறு ஊற்றி, தண்ணீர் எதுவும் சேர்க்காமல் செய்திருந்தால் முதல் குழாயில் நொதி இரண்டில் ஒரு பங்கு, கடைசிக் குழாயில் ஆறில் ஒரு பங்கு. நீங்கள் தளப்பொருளைக் கூட்டிக்கொண்டே நொதியை நீர்த்திருக்கிறீர்கள். 4, 3, 2, 1, 0 மி.லி. தண்ணீர் சேர்த்து எல்லாவற்றையும் 6 மி.லி. ஆக்குங்கள். கிடை அச்சில் போட வேண்டியது கலந்தபின் உள்ள செறிவு: 3 சதவீதத்தில் 1 மி.லி. எடுத்து 6 ஆக்கினால் 0.5 சதவீதம்.

கன அளவு சரியாக இருந்தும் கடைசிப் புள்ளி விழுந்தால், கேட்டலேஸைப் பெராக்சைடு கெடுத்திருக்கலாம். அது பிழையல்ல, விளக்க வேண்டிய விளைவு. மட்டமாகவே இல்லையென்றால் "எடுத்த செறிவு எல்லைக்குள் நிறைவு நிலை தெரியவில்லை" என்று எழுதிவிட்டுப் போங்கள். கையால் வளைத்து மட்டமாக்குவது பொய்.

மேல்வகுப்பில் லைன்வீவர்-பர்க் முறைப்படி இரு அச்சையும் தலைகீழாக்கிப் போடுகிறவர்களுக்கு ஒரு சொல். கோடு செங்குத்து அச்சைப் பூஜ்யத்துக்குக் கீழே வெட்டினால், குறைந்த செறிவுப் புள்ளியைச் சந்தேகியுங்கள். வேகம் 0.60இல் 0.02 தப்பினால் தலைகீழ் எண் 1.61க்கும் 1.72க்கும் நடுவில்தான் ஆடும். 0.10இல் அதே 0.02 தப்பினால் 8.3இலிருந்து 12.5 வரை ஆடும். மொத்தக் கோட்டையும் அந்த ஒரு புள்ளி இழுத்துக்கொண்டு போய்விடும். அதை மட்டும் மூன்று முறை திரும்ப அளந்துவிட்டு மறுபடி வரையுங்கள்.

## அறிகுறி: மூன்று தடவை செய்தால் மூன்று விடை

அளக்கும் விதத்திலிருந்து தொடங்குங்கள். குமிழை எண்ணினீர்களா? குமிழ் எல்லாம் ஒரே அளவில் வருவதில்லை; கன அளவை அளங்கள். வடிதாள் வட்டம் மேலே மிதந்து வரும் நேரத்தை எடுத்தீர்களா? வட்டத்தில் ஒட்டியிருந்த அதிகச் சாற்றை ஒவ்வொரு தடவையும் விளிம்பில் தொட்டு வடித்தீர்களா, அதே பெராக்சைடைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினீர்களா? பிந்தைய வட்டங்கள் மெதுவாகிக்கொண்டே போனால் அதுதான் காரணம்.

அடுத்து, சாறு வயதாகிறதா என்று பாருங்கள். முதலில் செய்த நிலையையே கடைசியிலும் ஒரு முறை செய்யுங்கள். தொடக்கத்தில் நொடிக்கு 0.6 வந்தது கடைசியில் 0.4 என்றால், நடுவில் எடுத்த எல்லா எண்ணிலும் அந்தச் சரிவு கலந்திருக்கிறது. 20 டிகிரியில் தொடங்கி 60இல் முடித்தவர்களுக்கு இது நேரடியாக "சூட்டில் வேகம் குறைகிறது" என்று வேடம் போட்டு வரும். சாற்றைப் பனிக்கட்டியில் வையுங்கள், வெப்பநிலைகளைக் கலைத்துச் செய்யுங்கள்.

எரர் பார் (புள்ளியின் மேலும் கீழும் வரும் பிழைக்கோடு) எல்லாப் புள்ளியிலும் ஒரே நீளத்தில் இருக்கிறதா? எக்செல் தானாகப் போட்டுத் தந்தது, உங்கள் மூன்று தடவை வேறுபாட்டிலிருந்து வந்ததல்ல. ஒவ்வொரு நிலைக்கும் திட்டவிலக்கத்தைத் தனியாகக் கணக்கிட்டு, தனிப்பயன் மதிப்பாகக் கொடுங்கள்.

ஒரு புள்ளி மட்டும் தனியே நின்றால், அந்த நேரத்தில் நோட்டில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "அடைப்பான் கழன்றது" என்று இருந்தால் நீக்கலாம். ஒன்றும் எழுதவில்லையென்றால் புள்ளி அங்கேயே இருக்கட்டும், வட்டமிட்டுக் காட்டுங்கள்.

## எப்போது கையைத் தூக்க வேண்டும்

கசிவுச் சோதனை இரண்டு முறை தோற்றால், சிரிஞ்ச் கண்ணாடியில் கீறல் தெரிந்தால், பிளாங்க் வைத்தும் நிறமானி பூஜ்யத்தில் நிலைக்காமல் எண் ஓடிக்கொண்டே இருந்தால் ஆய்வக உதவியாளரைக் கூப்பிடுங்கள். விளக்கையும் உள்பாகங்களையும் மாணவர்கள் திறக்கக் கூடாது. பிப்பெட்டை நம்ப முடியவில்லையென்றால் 1 மி.லி. தண்ணீரை எடுத்துத் தராசில் விடுங்கள். 1 கிராமுக்குப் பக்கத்தில் வராவிட்டால் அதை ஒதுக்கி வைத்துச் சொல்லுங்கள்.

3 சதவீதத்துக்கு மேற்பட்ட பெராக்சைடை நீர்ப்பது ஆசிரியர் வேலை. தோலைச் சுடும், அடைத்த குடுவையில் அடைப்பானைத் தூக்கி எறியும். அடைத்தபின் சிரிஞ்ச் நகராமல் நுரை மட்டும் பொங்கினால் அளவீட்டை மறந்துவிட்டுத் தள்ளி நின்று ஆசிரியரைக் கூப்பிடுங்கள். வழி அடைத்திருக்கிறது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது.

தாள், கருவி, கரைசல் மூன்றும் சரிபார்த்தும் வரைபடம் அப்படியே இருந்தால் மூல அட்டவணையோடு ஆசிரியரிடம் போங்கள். வரைந்த படத்தை மட்டும் கொண்டுபோனால் அவரும் முதலில் அட்டவணையைத்தான் கேட்பார்.